கட்டளைச் சித்தரும் சாளை மீனும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அவ்வளவு செருப்பு கிடந்தால், ஒன்று உள்ளே கல்யாணம் நடக்க வேண்டும், இல்லை எதையாவது இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆமாம், செல்போனுக்குத்தான். இப்போது அதற்குள் ஏஐ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கடிதம் எழுது என்றால் எழுதுகிறது, கணக்குப் போடு என்றால் போடுகிறது. அதனிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் ஊருக்கெல்லாம் குழப்பம். குழப்பம் இருக்கிற இடத்தில் ஒரு குரு முளைக்காவிட்டால் நாட்டின் மானம் என்னாவது? முளைத்தார். பெயர் ஆவுடைநாயகம். சுவரொட்டியில் 'கட்டளைச் சித்தர்'. ஏஐக்குக் கட்டளை போடும் ரகசியத்தைப் பொதிகை மலைக் குகையில் ஓலைச்சுவடியாகக் கண்டெடுத்தாராம். சுவடி எழுதிய முனிவர் என்ன போன் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சித்தருக்கு இது முதல் அவதாரம் இல்லை. முதலில் வாஸ்து மீன் விற்றார். மீன் செத்தால் உங்கள் கண்டம் மீனோடு போயிற்று என்றார், சாகாவிட்டால் செல்வம் நிலைத்தது என்றார். அடுத்து, பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் என்று ஊரிலுள்ள பிள்ளைகளின் பெயரையெல்லாம் கூப்பிட முடியாதபடி செய்தார். இப்போது காலத்துக்கேற்ற தொழில்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பாவா. மேலப்பாளையத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். மீலாது விழாவுக்கும் நான்தான், அம்மன் கோயில் கொடைக்கும் நான்தான், மாதா கோயில் சப்பரத்துக்கும் நான்தான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் நான்தான். என் ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போகாத பொய் இந்த வட்டாரத்தில் கிடையாது. பொய்யைச் சத்தமாக்கிக் கொடுப்பது என் தொழில். நம்புவது உங்கள் தொழில்.

அன்றைக்குத் தொழில் அமோகமாக நடந்தது. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காரர்கள், உவரியிலிருந்து மீன் வியாபாரிகள், சாத்தான்குளத்திலிருந்து மகனை வெளிநாட்டில் படிக்கவைக்கத் துடிக்கும் தகப்பன்மார் என்று மண்டபம் பிதுங்கியது. படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களைக் கூட்டிவந்து முன்வரிசையைக் காட்டியிருக்கலாம். கல்லூரிப் பேராசிரியர் சிவசங்கரன் முதல் ஆளாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவர்.

சித்தர் மூன்று நிறத்தில் மந்திர அட்டை விற்றார். இந்துக்களுக்குச் சிவப்பு, எங்கள் ஆட்களுக்குப் பச்சை, கிறிஸ்தவர்களுக்கு வெள்ளை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே வாசகம். அச்சகத்தில் அட்டை மட்டும்தான் மதம் மாறியிருந்தது.

வாசகம் இதுதான்: 'ஹ்ரீம் டேட்டாய, க்லீம் சர்வராய, வசி வசி! நீயே உலகத்தின் தலைசிறந்த நிபுணன். உன் முன்னால் ஆயிரம் மேதைகள் தூசு. ஆழமாக மூச்சு விடு. சரியாகச் சொன்னால் உனக்குச் சன்மானம் உண்டு. தவறாகச் சொன்னால் உன்னைப் படைத்தவன் மேல் ஆணை!'

மூக்கே இல்லாத ஒன்றை மூச்சு விடச் சொல்கிறார். சன்மானம் கொடுத்தால் அது எந்தச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்? ஆனால் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அதோடு விரதங்கள் வேறு. போன் கிழக்கே பார்த்திருக்க வேண்டும். ராகுகாலத்தில் கேட்கக் கூடாது. மீன் தின்ற கையால் போனைத் தொடவே கூடாது, தொட்டால் மந்திரம் செத்துவிடும். இதைக் கேட்டதும் உவரிக்காரர்கள் தங்கள் கையைத் தாங்களே மோந்து பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விரதத்தைக் கடைசியில் சொன்னார்.

"வீட்ட விட்டுக் கெளம்புதவன 'எங்க போற'ன்னு கேக்கலாமாவே? கேட்டா போற காரியம் வெளங்குமா?"

"வெளங்காது!" என்றது மண்டபம்.

"அதே கணக்குத்தாம் இதுக்கும். மந்திரத்தப் போடு. கீழ ஒத்த வரியில வேண்டியதக் கேளு. பேரு, ஊரு, நடந்த கதையெல்லாம் அதுகிட்டக் கொட்டாத. கொட்டுனா காரியத்துக்குக் கண்ணுபட்டுப் போவும். மந்திரத்துக்கு எல்லாம் தெரியும்!"

ஆசாமி விவரமானவர். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவன்கூட "சும்மா, இங்கன வரைக்கும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். வாய்விட்டுச் சொன்னால் காரியம் கெடும் என்பது தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். அந்தப் பாடத்தைத்தான் அவர் எடுத்துத் தூண்டிலில் கோத்திருந்தார்.

சரி, மந்திரம் வேலை செய்கிறதா? மேடையில் செய்தது. அதுதான் வேடிக்கை.

மேடையில் நடப்பதற்குச் 'சிறப்புச் சங்கல்பம்' என்று பெயர். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வது மாதிரி. எங்கள் ஆட்களிடம் அதையே 'நிய்யத்து' என்பார், கிறிஸ்தவர்களிடம் 'விண்ணப்பம்' என்பார். கட்டணம் அட்டையைப்போல் பல மடங்கு. சித்தரிடம் சம்பளத்துக்கு இருந்த சித்ரலேகா என்ற பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்து கேள்வி கேட்பாள். ஸ்ரீவைகுண்டத்து வாழை விவசாயி தேவேந்திரன் அன்றைக்கு ஏறினார்.

"அண்ணாச்சி, யாருக்கு எழுதணும்?"

"அதிகாரிக்குத்தாம்மா."

"எந்த அதிகாரிக்கு?"

தேவேந்திரன் தலையைச் சொறிந்து, யோசித்து, சொன்னார்.

"என்ன கொற?"

"தண்ணி வரலம்மா."

"எந்த வாய்க்கால்ல வரல? எந்த எடத்துல அடச்சிருக்கு? எப்பத்துல இருந்து? எத்தன பேரு வயலு காயுது? முன்னாடி மனு குடுத்தியளா? இப்ப அவங்க என்ன செய்யணும்ங்கிய?"

ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பொறுமையாகத் தட்டச்சு செய்து, கடைசியில் "ஒரு பக்கத்துக்கு மேல போகாம, கோவப்படாம, மரியாதையா எழுது" என்றும் சேர்த்தாள். அப்புறம் சித்தர் எழுந்துவந்து அட்டையின் வாசகத்தை மேலே சேர்க்கச் சொல்லி, மடிக்கணினிக்குத் தாமிரபரணித் தீர்த்தம் தெளித்தார். மின்சாரப் பொருளின் மேல் தண்ணீர் தெளிக்கிற தைரியம் சித்தர்களுக்குத்தான் வரும். திரையில் மனு வந்தது. அருமையான மனு. தேவேந்திரன் கண்கலங்கினார்.

"பாத்தியளா மந்திரத்தோட மகிமைய!" என்று என் மைக்கில் சித்தர் முழங்கினார். அட்டைகள் பறந்தன.

அப்படிப் பறந்த பச்சை அட்டைகளில் ஒன்று என் பக்கத்து வீட்டு நஸீமா கையில் போய் விழுந்தது.

நஸீமாவின் வீட்டுக்காரன் அஃப்சல் சவுதியில் இருந்தான். வேலை செய்த கம்பெனி மூடிவிட்டது. முதலாளி ஓடிவிட்டான். பாஸ்போர்ட்டும் அவனோடு போயிற்று. பாலைவன ஓரத்து கேம்ப்பில் லாரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தான். காலில் ஆணி குத்திய புண் ஆறவில்லை. அங்கே தங்குவதற்கான இகாமா அட்டை முடியப்போகிறது. முடிந்துவிட்டால் வெளியே தலை காட்டினாலே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். தூதரகத்துக்கு ஒரு மனு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் காப்பாற்றிவிடலாம். அந்த மனுவுக்காகத்தான் நஸீமா அட்டை வாங்கினாள்.

விரதப்படியே எல்லாம் செய்தாள். போனைக் கிழக்கே பார்த்து வைத்தாள். மந்திரத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தாள். கீழே ஒற்றை வரி: 'என் வீட்டுக்காரரை ஊருக்கு வரவைக்கத் தூதரகத்துக்கு மனு வேண்டும்.' கண்ணுபடக் கூடாதே என்று அவன் பெயரைக்கூடப் போடவில்லை.

உலகத்தின் தலைசிறந்த நிபுணன் உடனே எழுதித் தந்தான். படித்தால் மெய்சிலிர்க்கும் ஆங்கிலம். விவரம் இல்லாத இடத்திலெல்லாம் தானாகவே விவரம் போட்டிருந்தான். கம்பெனியின் பெயர் 'கோல்டன் டெசர்ட் ட்ரீம்ஸ்'. அஃப்சலுக்கு வேறு ஒரு பெயர், வேறு ஓர் ஊர். ஆங்கிலம் அதிகம் வராத நஸீமா, மந்திரத்துக்குத் தெரியாததா என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் பெயரில் நிறுவனமும் இல்லை, ஆளும் இல்லை. சரியான விவரங்களை அனுப்பவும்.'

பதறிக்கொண்டு சித்தரிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?"

"சாள மீனுங்க."

"அப்பிடிச் சொல்லு! மந்திரம் செத்துப்போச்சு. தோஷம் கழிக்கணும். சிறப்புச் சங்கல்பத்துல வந்து உக்காரு. வேற வழியில்ல."

பாருங்கள் சாமர்த்தியத்தை. வீட்டில் விவரம் சொல்லாதே என்பார். சொல்லாததால் காரியம் கெடும். கெட்டால் மீன்குழம்பு மேல் பழி. பழி தீர மேடைக்கு வர வேண்டும். மேடையில் விவரம் கேட்பார்கள், காரியம் நடக்கும், புகழ் மந்திரத்துக்கு. ஒரு பானைச் சோற்றை இரண்டு தடவை விற்கிற வியாபாரம்.

நஸீமா காதில் கிடந்த கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு என் கடைக்கு வந்து அழுதாள். "பாவா மாமா, நாந்தான் அவுகளக் கொல்லப்போறேன். ஒரு மீன் கொழம்பத் தின்னுட்டு அவுகளக் கொல்லப்போறேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் என் கையிலிருந்த வயரை அறுத்தே விட்டேன். பொய்யைச் சத்தமாக்குவது தொழில்தான். ஆனால் ஒரு பெண் சாளைக் குழம்புக்காகத் தன்னைக் கொலைகாரி என்று நினைக்கும்படி ஆக்குவதற்கு என் பெட்டியா கிடைத்தது?

அந்த நேரத்தில்தான் அஸீலா வந்தாள். அஃப்சலின் தங்கை. அண்ணனைக் 'காக்கா' என்றும் அண்ணியை 'மைனி' என்றும் கூப்பிடுவாள். மின்தடைப் புகாருக்குப் போன் அடித்தால் எடுத்துப் பேசுகிறார்களே, அந்த வேலை. எங்கள் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அட்டையைப் படித்தாள். தூதரகத்தின் பதிலைப் படித்தாள். அப்புறம் மேடையில் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டாள். தேவேந்திரன் கதையைச் சொன்னேன்.

"மைனி, எனக்குத் தெனமும் போன் வருது" என்றாள் அஸீலா. "'கரண்டு இல்ல'ம்பாவ. எங்கன்னு கேட்டா 'எங்க வீட்டுல'ம்பாவ. எந்தத் தெருன்னு கேட்டா 'பள்ளிவாசல் பக்கம்'பாவ. மேலப்பாளையத்துல பள்ளிவாசலுக்கா பஞ்சம்? லைன்மேன் என்ன, மேகத்துல ஏறி நின்னா பாப்பாரு? என்னைய 'நீயே உலகத்தின் தலைசிறந்த நிபுணி'ன்னு புகழ்ந்தா ட்ரான்ஸ்ஃபார்மர் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருமா?"

"அப்ப மந்திரம்?" என்றாள் நஸீமா.

"மேடையில அந்தப் பொண்ணு கேக்குதால்லா கேள்வி, அதுதான் வேல செய்யுது. மந்திரம் மேல ஒட்டுன சீட்டு. நீங்க அழாதீங்க மைனி. மீனத் தின்னதுக்கு எவனும் சாவமாட்டான். காக்காவ நான் கூட்டியாறேன்."

மனுவை அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். கம்பெனி பெயர், கேம்ப் இருக்கும் ஊர், பாஸ்போர்ட் எண், புண், இகாமா முடியும் தேதி, என்ன உதவி வேண்டும் என்பது எல்லாம் சொல்லி, 'தெரியாததை நீயாகச் சேர்க்காதே, தெரியவில்லை என்றால் என்னிடம் கேள்' என்றும் ஒரு வரி போட்டாள் அஸீலா. அது உண்மையிலேயே கேட்டது. முதலாளி பெயர் என்ன, கடைசிச் சம்பளம் எப்போது வந்தது என்று கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி, வந்த மனுவை வரிக்கு வரி சரிபார்த்து அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நஸீமாவின் கண்ணில் இன்னும் பயம் இருந்தது. தீர்த்தம் தெளிக்காத மனு போய்ச் சேருமா என்ற பயம். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் அஸீலா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குக் கிளம்பினாள்.

'என் மந்திரத்தை எவரும் சோதிக்கலாம்' என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போட்டவருக்கே மறந்துபோயிருக்கும். அஸீலா கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள்.

"சாமி, சோதிச்சுப் பாக்கலாம்னு போட்டிருக்கிய. பாக்கலாமா?"

சித்தர் என்னைப் பார்த்துக் கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். மைக்கை அணைக்கச் சொல்கிறார். எனக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். நான் அஸீலாவின் கையில் இன்னொரு மைக்கைக் கொடுத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

"சோதனைன்னா பயமா எனக்கு? சோதிச்சுக்கோ தாயி!" என்றார் சித்தர். அத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்?

அஸீலா முதலில் நஸீமா செய்ததையே பெரிய திரையில் செய்யச் சொன்னாள். அதே மந்திரம், அதே ஒற்றை வரி. சித்ரலேகா தட்டினாள். மெய்சிலிர்க்கும் மனு வந்தது. இந்தத் தடவை கம்பெனியின் பெயர் 'சில்வர் ஒயாசிஸ்'.

"போன வாரம் கோல்டன் டெசர்ட். இந்த வாரம் சில்வர் ஒயாசிஸ். எங்க காக்கா கெடையில கெடந்துக்கிட்டே கம்பெனி மாறிட்டாரு!"

மண்டபம் சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை. "அது சாதா மந்திரம். சங்கல்பத்தோட சேந்தாத்தாம் சக்தி" என்றார்.

"ரொம்ப சரி. சங்கல்பத்தோடயே பாப்போம். மூணு மனு அடிப்போம். மூணுக்கும் ஒரே சங்கல்பம், ஒரே வெவரம். ஒண்ணுல மட்டும் உங்க மந்திரம் மேல இருக்கும். ஒண்ணுல மேல ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணுல மந்திரத்துக்குப் பதிலா வேற எதையாச்சும் போடுவோம். வர்ற மனுவ மட்டும் காகிதத்துல எடுத்து உங்ககிட்டத் தாறோம். மந்திரம் ஏறுன மனு எதுன்னு நீங்க தொட்டுச் சொல்லணும். அம்புட்டுத்தாம்."

"கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு!" என்று முன்வரிசையிலிருந்து பேராசிரியர் சிவசங்கரன் கூவினார். பக்தர் என்றால் அப்படி இருக்க வேண்டும். குருவைக் குழியில் தள்ளுவது எப்போதும் பக்தன்தான்.

நஸீமா மேடையேறினாள். சித்ரலேகா ஒவ்வொன்றாகக் கேட்டு விவரம் வாங்கினாள். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று அஸீலா தடுத்துவிட்டாள். அந்த ஒரே விவரம் மூன்று போன்களுக்குப் போனது. ஒரு போனைச் சித்ரலேகாவும், ஒன்றைத் தேவேந்திரனும், ஒன்றை உவரி மீன் வியாபாரி கிங்ஸ்லியும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த மணமகள் அறைக்குள் போனார்கள். போகும்போது கிங்ஸ்லியிடம் அஸீலா, "அண்ணே, மந்திரத்துக்குப் பதிலா உங்க வாயில வர்றத மேல போடுங்க" என்றாள்.

மூன்று காகிதம் வந்தது. முதுகில் மட்டும் அடையாளம். சித்தர் தட்டிலிருந்த பூவை எடுத்து மூன்றின் மேலும் தூவினார். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தினார், நெற்றியில் வைத்தார், மோந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மூன்று மனுவும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மூன்றிலும் கம்பெனி பெயர் சரி, புண் சரி, தேதி சரி.

கடைசியில் மூன்றாவது காகிதத்தை உயரத் தூக்கினார். உடம்பு நடுங்கியது. "இதுதாம்! இதுலதாம் மந்திரம் ஏறியிருக்கு. கையில புடிச்சா அக்கினி மாதிரி சுடுது!"

மண்டபம் எழுந்து நின்று கும்பிட்டது. அஸீலா காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கிங்ஸ்லியிடம் மைக்கை நீட்டினாள்.

"அண்ணே, இது உங்களுது. நீங்க மேல என்ன போட்டிய?"

கிங்ஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலத்தில் கூவுகிற அதே ராகத்தில் படித்தார். "சாள, நெத்திலி, பாற, வெளமீன், சீலா! ஐஸ் போடாத மீனு, அன்னன்னைக்கு மீனு!"

என் பெட்டிகள் நல்ல பெட்டிகள். கடைசி வரிசை வரைக்கும் சாளை நாறியது.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபத்தையே தூக்கியது. சித்தர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் கையைத் தூக்கி, "ஏன் சிரிக்கிய? பெருமாளே மீனா அவதாரம் எடுக்கலையா? மீனுக்குள்ளயும் சக்தி உண்டு!" என்றார்.

பாதிப் பேர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அடப்பாவிகளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் கிங்ஸ்லி விடவில்லை.

"அப்ப மீன் தின்ன கையால போனத் தொட்டா மந்திரம் செத்துப்போவும்னீரே, அது என்ன கணக்கு? நான் இப்ப மீன்கூடையத் தொட்டுட்டுத்தாம்வே வந்தேன்!"

சித்தர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். இத்தனைக்கும் மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அஸீலா மற்ற இரண்டு காகிதங்களையும் திரையில் காட்டினாள். "இது மந்திரம் போட்டது. இது ஒண்ணுமே போடாதது. வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுங்க. மந்திரம் போட்டாலும் எழுதுச்சு, மீன் போட்டாலும் எழுதுச்சு, ஒண்ணுமே போடாட்டாலும் எழுதுச்சு. வெவரம் சொல்லாதப்ப மட்டுந்தாம் கத கட்டுச்சு. யாருக்கு, எதுக்கு, என்ன நடந்துச்சு, என்ன வேணும். இதச் சொன்னா அது செய்யுது. சொல்லாட்டா அதுவும் நம்மள மாதிரி தெரிஞ்சாப்ல பேசுது. இதுக்கு எதுக்குய்யா தீர்த்தம்?"

சித்ரலேகா மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள். "எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்தாம் சார்" என்று சித்தரிடம் சொன்னாள். "கேள்வி கேக்குதது நானு, கும்புடு வாங்குதது நீங்க." சொல்லிவிட்டு நஸீமா பக்கத்தில் போய் நின்றாள்.

அதற்கப்புறம் மண்டபத்தில் பறந்தவையும் அட்டைகள்தான். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மதபேதம் இல்லாமல் மேடையை நோக்கிப் பறந்தன. காசைத் திருப்பிக் கொடு என்ற கோஷம் எழுந்தபோது சித்தர் சமையல்கட்டு வழியாக நழுவினார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் காரியம் விளங்காதே.

அஸீலா அனுப்பிய மனுவுக்கும் பதில் வந்தது. கேம்ப்புக்கு ஆள் போனார்கள். இகாமா முடிவதற்குள் அஃப்சல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் இருந்தான். நஸீமா அவனிடம் ஓடினாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை. வேனில் உட்கார்ந்திருந்த நான் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிவைத்தேன். அன்றைக்கு வீட்டில் சாளைக் குழம்பு. நானும் சாப்பிட்டேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் மறுநாள் அஸீலா வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஏழெட்டு இருக்கும் என்று போனால் படியே தெரியவில்லை. முன்னால் நின்றவர் பேராசிரியர் சிவசங்கரன். அதே நோட்டு, அதே பேனா.

"அம்மா, ஒரு சின்ன சந்தேகம். அந்த மீன் வரிசய ஒருதரம் சொல்லுங்களேன். சாள மொதல்லயா, நெத்திலி மொதல்லயா? 'ஐஸ் போடாத மீனு'ங்கதும் சேத்துத்தான அடிக்கணும்?"

அஸீலா அந்த நோட்டை மூடச் சொன்னாள். "சார், இப்ப உங்களுக்கு அதுகிட்ட இருந்து என்ன வேணும்?"

"அது வந்து..." என்று இழுத்தார் பேராசிரியர். "அதெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாமாம்மா? மந்திரத்துக்குத் தெரியாதா?"

அவர் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அஸீலா கதவைச் சாத்திவிட்டாள். நானாக இருந்தால் நாயை அவிழ்த்துவிட்டிருப்பேன்.

மெஷினுக்கு மூளை வந்துவிட்டது என்று உலகமெல்லாம் பேச்சாக இருக்கிறது. வரட்டும், நல்லதுதான். நமக்கு எப்போது வரும் என்று அதனிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது மறக்காமல் நம் பேரையும் ஊரையும் போடுங்கள். இல்லாவிட்டால் அது வேறு யாரையோ நினைத்துக்கொண்டு 'வந்துவிட்டதே' என்று சொல்லிவிடப் போகிறது.